காத்திருக்கும் அழைப்புகள்: 11

முதல் நாள், 18:20
நிலவின் மறுபக்கம், நான்காம் நிலையம். எழுதுவது பூவலிங்கம், மின்பொறியாளர். கூட இருப்பவர் நிலையத் தலைவர் கொம்பையா அண்ணன். வேறு யாரும் இல்லை.

சூரியன் மறைந்தது. இனி பதினான்கு நாள் இருட்டு. மின்கலத்தைச் சேமிக்க மையக் கணினியை உறக்க நிலையில் போட்டேன். மணிக்கு ஒரு முறை அது விழித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மாற்றிவிட்டேன். விழிக்கும்போதெல்லாம் அது போடும் கூச்சலில் மனிதன் கண்ணை மூட முடியவில்லை. இடையில் வரும் குரல் அழைப்புகள் வரிசையில் நிற்கும். விழித்ததும் கேட்டுக்கொள்ளலாம்.

அண்ணன் சொன்னது: "ஏல, ஆறு மணி நேரமா? ஊரே அழிஞ்சாலும் தெரியாதுல! சரி, போட்டுக்கோ. உன் மூஞ்சியப் பாத்தா பாவமாத்தான் இருக்கு."

இரண்டாம் நாள், 05:40
கொம்பையா அண்ணன் இறந்துவிட்டார்.

நான் தூங்கிக்கொண்டிருந்தபோது தனியாக வெளியே போயிருக்கிறார். வாசலிலிருந்து இருநூறு மீட்டரில் சூரியத்தகட்டின் தாங்கி சரிந்து காலின் மேல் கிடந்தது. காற்றுக்கலன் காலி. தாங்கியை நான் ஒற்றை ஆளாக நெம்பி எடுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

உடலைக் குளிர்கிடங்கில் வைத்திருக்கிறேன். துடிப்பைக் கணினிக்குச் சொல்ல இருவரும் கையில் கட்டியிருக்கும் நாடிப்பட்டையைக் கழற்றவில்லை. ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறேன். ஒன்பது மணி நேரம்!

கணினியும் சரியாக விழிக்கவில்லை.

மூன்றாம் நாள், 07:05
பழுது இப்படி: எழுப்பினால் விசிறி சுற்றுகிறது, திரையில் வெளிச்சம் வருகிறது. "வணக்கம் கொம்பையா, பூவலிங்கம்" என்று எழுதுகிறது. நாற்பது விநாடி அப்படியே நிற்கிறது. பிறகு செத்துப்போகிறது.

காற்றும் சூடும் தனிப் பலகையில் ஓடுவதால் இன்றைக்கு உயிருக்கு மோசமில்லை. ஆனால் ஊர் திரும்பும் கலத்தின் கொக்கிகளை இந்தக் கணினிதான் விடுவிக்க வேண்டும். பதினைந்தாம் நாள் காலை தாய்க்கப்பல் தலைக்கு மேல் வரும். விட்டால் நான்கு மாதம் கழித்துத்தான் அடுத்தது. சாப்பாடு ஐம்பது நாளுக்கு இருக்கிறது.

துணைக்கோள் மேலே வரும் நான்கு நிமிடம் மட்டும் கை வானொலி எடுக்கும். தரைநிலையத்திலிருந்து அனுசூயா மேடம்: "பூவலிங்கம், ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டி வந்த யோசனை. பார்த்தேன் மேடம். ஆயிரம் தடவை பார்த்தேன்.

ஐந்தாம் நாள், 12:30
மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தேன். பலன் இல்லை. திரையின் டிரைவரை அழித்துவிட்டுப் பழையதைப் போட்டேன். பலன் இல்லை. நினைவகப் பட்டைகளைக் கழற்றி, எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடையில் செய்கிற மாதிரி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். நிலவில் அழிரப்பர் ஏது? செருப்பு வாரை வெட்டினேன். அதற்கும் மசியவில்லை சனியன்.

அண்ணனின் மனைவி வடிவு அண்ணி பேசினார். அழவில்லை. "தம்பி, பதினாறு கழியிற வரைக்கும் அவுக பேரை எதுலயும் அடிச்சிராதீங்க. ரேஷன் கார்டுல, பேங்க்ல, எதுலயும் எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். அங்கயும் இருக்கட்டும்."

சரி அண்ணி என்றேன்.

எட்டாம் நாள், 19:15
கண்டுபிடித்துவிட்டேன். சாகும் முன் கணினி எழுதிவைக்கும் குறிப்பைப் பராமரிப்பு முனையத்தில் உருவி எடுத்தேன். எல்லாக் குறிப்பும் ஒன்றுபோல் இருக்கிறது.

"பணியாளர்: 2. நாடி: 1. இரண்டாமவருக்குக் காத்திருக்கிறேன்."

உறங்கப் போகும்போது இரண்டு பேர் இருந்தோம். விழிக்கும்போது ஒரு நாடிதான் கேட்கிறது. நாற்பது விநாடி அவரைத் தேடுகிறது. கிடைக்கவில்லை என்றதும் கணக்கு இடித்து விழுந்துவிடுகிறது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் சரியாகிவிடும். ஒரு நிமிட வேலை.

அண்ணிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே. தரைநிலையத்துக்கு இன்னும் தேடுகிறேன் என்று சொன்னேன்.

பதினோராம் நாள், 00:25
இதை யார் எடுத்துப் படிக்கிறீர்களோ, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. எட்டாம் நாள் அதை நான் எழுதவில்லை.

"காத்திருக்கும் குரல் அழைப்புகள்: 11."

கணினி விழித்தால் முதல் வேலையாக அவற்றைப் போட்டுக் காட்டும். அண்ணியின் வாக்கு ஒரு சாக்கு. பழுது நீடிக்கட்டும் என்றுதான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அவருடைய பட்டையைக் கழற்றி என் இன்னொரு கையில் கட்டிக்கொண்டால் என்ன என்று கிடங்கு வாசல்வரை போனேன். இரண்டு நாடி காட்டி ஏமாற்றலாம், பெயரும் இருக்கும். ஆனால் அப்போதும் அந்தப் பதினொன்று வரும். திரும்பி வந்துவிட்டேன்.

தூக்கம் போய்விட்டது. ஆறு மணி நேரத்துக்கொரு தரம் திரை எங்கள் இருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறது. சற்று முன் அந்த நாற்பது விநாடியும் நான் கிடங்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்துவிடுவார் என்று அது நம்புகிறது. எனக்கும் அப்படியே ஆகிவிட்டது.

பதினான்காம் நாள், 16:50
அனுசூயா மேடம்: "நாளைக்குக் காலைல கப்பல் வந்துரும் பூவலிங்கம். இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. என்ன பிரச்சினை?"

சொன்னேன். பெயரை மட்டும் சொன்னேன். அண்ணியை இணைத்தார்கள்.

"எடுத்துருங்க தம்பி. நீங்களாச்சும் வந்து சேருங்க." துணைக்கோள் இறங்கிக்கொண்டிருந்தது. "அவுக கடைசியா என்ன சொன்னாக, தம்பி? ஏதாச்சும் சொன்னாகளா?"

தெரியாது அண்ணி என்றேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

பதினைந்தாம் நாள், 04:10
பெயரை அழித்தேன். எழுப்பினேன்.

"வணக்கம் பூவலிங்கம்." ஒரே பெயர். நாற்பது விநாடி கடந்தது. விழவில்லை. ஐயோ, விழுந்திருக்கக் கூடாதா!

அப்படியே எழுதுகிறேன். சிலதை மட்டும்.

ஒன்று, முதல் நாள் 19:32. "லிங்கம், தாங்கி சரிஞ்சிட்டு. காலு மாட்டிக்கிட்டு. மெதுவா வா, அவசரமில்ல."

மூன்று, 20:05. "ஏல, எந்திரில."

ஆறு, 21:20. "லிங்கம்! ஏ லிங்கம்!"

எட்டு, 22:40. "கணினி தூங்குதுல்லா... மறந்தே போச்சு. நானும்தானல சரின்னேன்."

ஒன்பதிலும் பத்திலும் பேச்சு இல்லை. இரும்பில் தட்டும் சத்தம். மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு.

பதினொன்று, 23:58. "பன்னெண்டு இருவதுக்கு முழிச்சிரும். இன்னும் இருவது நிமிசந்தான். அதுவரைக்கும் இருப்பேம்ல."

மணிக்கொரு தரம் என்றே விட்டிருந்தால் 20:20க்கு எழுப்பியிருக்கும்.

பதினைந்தாம் நாள், 06:35
வெயில் வந்துவிட்டது. கலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணனையும் கட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். புறப்பட ஏழு நிமிடம்.

பூமியோடு முழு இணைப்பு திறந்தது. இறந்தவரின் குரல் அழைப்புகளைக் குடும்பத்துக்கு அனுப்பவா, அழிக்கவா என்று கணினி கேட்டது. அழித்தால் யாருக்கும் தெரியாது. விரல் அங்கேதான் இருந்தது. அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று அண்ணி கேட்டாரே.

அனுப்பு என்றேன். ஒன்று போயிற்று. இரண்டு போயிற்று. பதினொன்றும் போய்விட்டன.

06:39
அழைப்பு விளக்கு எரிகிறது. வடிவு அண்ணி. காத்திருக்கும் அழைப்புகள்: 1.

06:41
நான் விழித்துத்தான் இருக்கிறேன். கை எட்டும் தூரத்தில்தான் பொத்தான். காத்திருக்கும் அழைப்புகள்: 3.

06:42
கொக்கி விட்டது. மேலே போகிறோம்.
5.