வெள்ளிக்கிழமை ஒன்றரை மணித் தண்ணீர்

4 ஆகஸ்ட், திங்கள்

இன்று புதிய தொட்டிகளைத் திறந்தார்கள். கூடாரம், பேனர், கறிபாப் பலகாரம், எல்லாம் உண்டு. மேலாளர் நூர் முகம்மது அரை மணி நேரம் பேசினார். எங்கள் பினாங்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஆற்றுக்குப் போகும் கழிவுநீர் இனிமேல் நாற்றமே இல்லாமல் போகுமாம். ஃபிக்ரியின் பெயரை மூன்று முறை சொன்னார். இந்த விரிவாக்க வேலைக்கென்று இரண்டு வருடத்துக்கு முன் வந்த எஞ்சினியர் அவன், அக்கரையில் பாகான் டாலாம்காரன். என் பெயர் ஒரு முறைகூட வரவில்லை.

தொட்டிகளை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? என் நோட்டை வைத்துத்தான். உள்ளே வரும் சாக்கடைத் தண்ணீரில் வாரம் ஒரு போத்தல் எடுத்து, எண்ணெயும் கொழுப்பும் எவ்வளவு என்று சோதித்து எழுதுகிறேன். இருபத்தொரு வருடம். தீபாவளி வாரத்திலும் விட்டதில்லை, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் விட்டதில்லை. 'ஆய்வுக்கூடத்தில் ஜெகதீஸ்வரி' என்று இரண்டு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா? கறிபாப் நான்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

வாரத்தில் எனக்குப் பிடித்த நேரம் இதுதான். பன்னிரண்டே காலுக்கு எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டே முக்கால் வரை நிலையத்தில் நானும் ஒரு காவலாளியும்தான். யாரும் குறுக்கே வராமல் ஒன்றரை மணிக்குப் போய் மாதிரி எடுத்தேன். ஃபிக்ரியின் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எண்ணெய் லிட்டருக்கு 41 மில்லிகிராம். வழக்கம்போலத்தான்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

புதிய தொட்டியின் மேல் வெள்ளையாக மிதக்கிறது. கொழுப்பு. கீழே அழுக்கைத் தின்பதற்காக வளர்த்துவிட்ட கிருமிகள் இருக்கின்றன. இப்படி மூடினால் அவை மூச்சு முட்டிச் சாகும். செத்தால் ஆற்றுக்குப் போவது பழைய சாக்கடையேதான், அதற்கு இத்தனை செலவு தேவையில்லை. சோதனைக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கிறது.

எல்லார் முன்னாலும் ஃபிக்ரி என்னிடம் வந்தான். "அக்கா, இவ்வளவு எண்ணெய் உங்க நம்பர்ல இல்லையே."

"என் நம்பர்ல இல்லன்னா தண்ணியில இல்லன்னு அர்த்தம். போயி உன் தொட்டியப் பாருலா."

திரும்பித் தொட்டிப் பக்கம் போய்விட்டான். நல்லது.

13 ஆகஸ்ட், புதன்

இன்று அவன் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை, வேலை நன்றாக நடந்தது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

சாப்பாட்டுக் கடைகள்தான் காரணம் என்று ஃபிக்ரி மேலாளரிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவன் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். மூன்றரை மணிக்கு இருவரும் சூலியா தெருவுக்குப் போனோம். பெரிய நாசி கண்டார் சோற்றுக் கடை, முதலாளி ஷேக் அலாவுதீன். மதியக் கூட்டம் முடிந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய சட்டிகள். சுடுதண்ணீரை ஊற்றியதும் எண்ணெய் சிவப்பாகக் குழாயில் இறங்கியது. எண்ணெயைப் பிடித்து வைக்க வேண்டிய இரும்புப் பெட்டி விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"இத எப்பக் கழுவுனீங்க?"

"முந்தாநாளு."

"பொய்."

"ஏம்மா, நீங்க என்ன போலீஸா? எங்கத்தா காலத்துலேருந்து இப்படித்தான் சட்டி கழுவுறோம். தெரு பூரா இப்படித்தான். இத்தன வருஷமா உங்க கணக்குல இந்த எண்ணெ எங்க போச்சு?"

ஃபிக்ரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சாப்பிட்டவங்க வயித்துல போயிருக்கும்" என்று நான் சொன்னேன். அலாவுதீனின் முகம் சட்டியின் அடியை விடக் கறுத்துவிட்டது. பதினான்கு நாள் கடையை மூடச் சொல்லி நோட்டீஸ் தயாராகிறது.

வீட்டில் சொன்னால், என் வீட்டுக்காரர் கேட்கிறார், "அந்தக் கட மீன் தல கறி நல்லா இருக்கும்லா, ரெண்டு பொட்டலம் தாப்பாவ் பண்ணிட்டு வந்திருக்கலாமே." சிவநேசனுக்கு வேறு கவலை கிடையாது.

22 ஆகஸ்ட், வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

நோட்டீஸை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். அந்த ஆள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஃபிக்ரி தடுத்தான். "இன்னிக்கி வேணாம்கா, திங்கக்கெழம போங்க." ஏன், உனக்கு அவர் மாமனாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். மாதிரி எடுப்பதைத் திரும்பி வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டேன்.

ஒன்றே கால் மணிக்குச் சூலியா தெரு. கடை சாத்தியிருந்தது. தொழுகை, பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, என்று அட்டை தொங்கியது. பக்கத்துக் கடையும் அப்படியே. அதற்கடுத்ததும். பாதித் தெரு சாத்திக் கிடந்தது. பின் சந்துக்குப் போய்ப் பார்த்தேன், சமையல்கட்டுக் குழாய்கள் காய்ந்திருந்தன. முனையில் பள்ளிவாசல். வரிசையாக ஆண்கள் உட்கார்ந்து, தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழாய் நிற்கவே இல்லை. சுத்தமான தண்ணீர் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கடை சாத்துவார்கள் என்பது பினாங்கில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இருபத்தொரு வருடமாக வெள்ளிக்கிழமை இந்த நேரத்தில் நான் நிலையத்துக்குள் போத்தலோடு நின்றிருக்கிறேன். தெருவில் எண்ணெய் இறங்காத ஒரே நேரத்தில், பள்ளிவாசல் தண்ணீரும் கலந்து வரும்போது, அள்ளி அள்ளி எழுதி வைத்திருக்கிறேன். அய்யோ, என்ன வேல பண்ணித் தொலைச்சிருக்கேன்.

நோட்டீஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். நான்கு மணிக்கு மாதிரி எடுத்தேன். 174. மறுபடி எடுத்தேன். 181.

23 ஆகஸ்ட், சனி

போத்தலைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

போத்தலை மூன்று முறை கழுவினேன். காலை பதினொன்றுக்கு 158. மாலை நான்குக்கு 192.

நோட்டில் எழுதவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கைப்பையில் போட்டேன், நோட்டீஸுக்குப் பக்கத்தில். யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. நான் பேசாமல் இருந்தால் அலாவுதீன் கடை மூடும், அப்புறம் பக்கத்துக் கடை, அப்புறம் அடுத்தது. என் எண்ணை நம்பிக் கட்டிய தொட்டி சின்னதாகவே இருக்கும். ஓய்வு பெற எனக்கு மூன்று வருடம் இருக்கிறது. பேசாமல் இருந்தால் என்ன? அந்த ஆள் மட்டும் யோக்கியனா, பெட்டி நிரம்பிக் கிடந்தது உண்மைதானே?

சாயங்காலம் தண்ணீர் ஆற்றில் விழும் இடத்துக்குப் போனேன். கரையோரம் முழுக்க வெள்ளைப் பிசுக்கு. அங்கே வழக்கமாக வலை வீசும் கிழவர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் சட்டையில் நிலையத்தின் பெயரைப் பார்த்துவிட்டு மலாயில் கெட்ட வார்த்தை சொன்னார். திருப்பிச் சொல்ல எனக்கும் தெரியும். சட்டையில் இருந்த பெயரைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு நடந்தேன்.

28 ஆகஸ்ட், வியாழன்

ஃபிக்ரி இன்று இன்னும் பதினோரு கடைகளின் பட்டியலை மேலாளர் மேசையில் வைத்தான். நான் அங்கேதான் இருந்தேன். அவன் வெளியே போகட்டும் என்று காத்திருந்து, துண்டுத் தாளை எடுத்து வைத்துச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

நூர் முகம்மது எழுந்து கதவைச் சாத்தினார். நன்றாகத் திட்டுவார் என்று நினைத்தேன். "ஈஸ்வரி, நீங்க பழைய ஆளு. ஃபாரத்துல எத்தன மணிக்கு எடுத்ததுன்னு போடுறதுக்கு எடமே இல்லலா, நீங்க என்ன பண்ணுவீங்க? இதெல்லாம் பாக்கத்தான எஞ்சினியர வெச்சிருக்கோம்" என்றார். அவருக்குப் பழி போட ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

30 ஆகஸ்ட், சனி

அலாவுதீன் கடைக்குப் போய், கடையை மூடச் சொல்லி எழுதிய நோட்டீஸ் ரத்தாகிவிட்டது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். சாயா ஆற்றிக்கொண்டே கேட்டார், நிறுத்தவில்லை.

"மன்னிப்பு கேட்டாச்சா?"

"கேட்டாச்சு."

"அப்ப நகருங்கம்மா, பின்னால ஆளு நிக்குது."

12 செப்டம்பர், வெள்ளி

ஃபிக்ரிக்கு இன்றோடு வேலை முடிந்தது. சோதனைக் காலத்தில் தொட்டி தேறவில்லை. எண்ணெய் பிரிக்கும் தொட்டியை இன்னொரு மடங்கு பெரிதாகக் கட்ட வேண்டும், எட்டு மாதம் ஆகும். வந்த எண்களைச் சரிபார்க்காமல் வரைபடம் போட்டதாக அவனுடைய கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். என் கோப்பில் ஒரு வரியும் இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். நான் நிமிர்ந்து பார்க்காமல் போத்தல் கழுவினேன்.

"வந்த மொத வாரமே உங்க நோட்டப் பாத்தேன்கா. தேதியெல்லாம் வெள்ளிக்கெழம. எத்தன மணிக்கு எடுக்குறீங்கன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. நோட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். நேத்து வந்தவன் எனக்கு வேலை சொல்லித் தர்றியா என்று கேட்டேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சிவநேசனிடம் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

"அப்பறம் நான் கேக்கவே இல்ல. எண்ணெ மெதந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருச்சு. சொன்னா, அப்பவே ஏன் விசாரிக்கலன்னு என் மேல வரும். அதான் கடக்காரங்க மேல போட்டேன். நீங்களாச்சும் போயிச் சொன்னீங்க."

கோபமாகத்தான் சொன்னான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். இரண்டு வருடமாக இவன் எப்போது ஒழிவான் என்று இருந்தேன். ஒழிந்துவிட்டான்.

அவனுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது என்று காவலாளி சொன்னார். இரண்டு வருடமாக எனக்கு அது தெரியாது. நானும் கேட்டதில்லை.

6 அக்டோபர், திங்கள்

புது எஞ்சினியர் வந்துவிட்டாள். இஸ்ஸதி என்று பெயர், சின்ன வயது, பேச்சில் கொஞ்சம்கூடப் பணிவு இல்லை. காலை எட்டரைக்கே என் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள். பக்கத்துக்கு ஒரு கேள்வி. ஏன் இந்தப் போத்தல், ஏன் இந்த இடத்தில் அள்ளுகிறீர்கள், மழை பெய்தால் என்ன செய்வீர்கள், இதை யார் சொல்லிக் கொடுத்தது. சாப்பாட்டு நேரம் வரை விடவில்லை.

எனக்கு அவளையும் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.