பேரீச்சம்பழம் ஒட்டிய விரல்

கல்பிட்டி

அன்பு மகள் றைஸா,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் நாட்டில் நோன்பும் தொழுகையுமாக நீ சுகத்தோடு இருக்க அல்லாஹ்விடம் ஒவ்வொரு தொழுகை வக்திலும் கேட்கிறேன். எங்கள் சுகம் ஒரு சொல்லில் முடிகிறதாக இல்லை. போனில் சொன்னால் என் குரலை வைத்தே உம்மா பயந்துவிடுவார், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். பதற்றத்தில் எதுவும் விடுபடாமலிருக்க முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. உம்மாவின் உடம்பு.
2. நீ செய்து அனுப்பிய, சீனி பார்க்கும் கருவி பிழையாகக் காட்டுகிறது.
3. அதை நீ நினைத்தபடி உச்சமுனைத் தீவுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

நோன்பு தொடங்கியதிலிருந்து உம்மாவுக்குக் களைப்பு, இரவெல்லாம் தண்ணீர் தண்ணீர் என்கிறார், நோன்பென்றால் தாகம் இருக்கும்தானே என்று நானும் இருந்துவிட்டேன். முந்தாநாள் நோன்பு திறந்த கையோடு, அங்கிருந்து லீவில் வந்த முபாரிஸ் உன்னிடமிருந்து கொண்டுவந்த கருவியைப் பார்க்கும் ஆசையில் உம்மாவின் விரலில் குத்தி ஒரு துளி எடுத்தேன். சிவப்பு வெளிச்சம் வந்தது, அதாவது இரத்தத்தில் சீனி மிக அதிகம். உம்மாவோ, உங்கட மகள்ட மெசின் என்ட விரல்லயே சீனி கண்டுபிடிச்சிட்டு, உங்கட வாயில ஒரு நாளும் கண்டுபிடிக்கல்லியே என்று சிரித்தார். பிறகுதான் நினைவு வந்தது, எல்லோருக்கும் பேரீச்சம்பழம் பிளந்து உம்மா கொட்டை எடுத்தது அதே விரல்களால்தான். பழத்தின் இனிப்பைக் கருவி இரத்தத்தின் சீனியென்று எண்ணிவிட்டது. உச்சமுனையிலும் இதுதானே நடக்கும் மகள், ஆஸ்பத்திரிக்கு வள்ளத்தில் வரவேண்டிய சனம் உன் வெளிச்சத்தையே நம்பி இருந்துவிடும், சுகமாயிருப்பவன் சீனி குறைக்கும் குளிசை விழுங்கி மயங்கி விழுந்தால் உன் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்கு எவ்வளவு விளங்கும் என்பதிலும் சந்தேகம்தான், ஆனால் உப்பளத்தில் உப்புநீரின் செறிவு பார்த்த காலத்தில் ஒருமுறை மட்டும் அளந்ததை நான் பதிந்ததே இல்லை.

இதுவரை எழுதிவிட்டு அஸர் தொழப் போனேன். அந்த உப்பள வரி மனதை உறுத்தியது, உன் கருவியையும் ஒருமுறைதானே பார்த்தேன். உம்மாவைச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் சொல்லி, துடைத்து, மற்றக் கையில் குத்தினேன். விடியுமுன் சாப்பிட்ட ஸஹருக்குப் பிறகு அவர் வாயில் பச்சைத்தண்ணீரும் படவில்லை. மறுபடியும் சிவப்பு. இந்த முறை உம்மா சிரிக்கவில்லை. நோன்பு திறந்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போவமே என்றார், அதற்குள் நான் கூப்பிட்ட ஓட்டோ வாசலுக்கு வந்துவிட்டது.

நீ ஸஹர் சாப்பிடாமல் நோன்பு பிடிக்காதே, உம்மாவுக்குத் துஆ செய். உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. கருவியோடு உச்சமுனைக்கு எப்போது வருவாய் என்று எழுது. மேலே இரண்டாவதாக எழுதியதை வெட்டாமல் விட்டிருக்கிறேன். அது பிழை, மகள். உன் கருவி பிழையாகவே இருந்திருக்கக் கூடாதா என்றிருக்கிறது.

உன் வாப்பா
பதியுதீன்