முதல் பாட்டுக்கு முந்தைய பதினோரு விநாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ சொல்வதில் பாதி என் காதில் விழுவதில்லை, விழாததற்கும் ம் கொட்டிவிட்டு வைத்துவிடுகிறேன். இப்போது உன்னிடம் கேட்கப்போவதற்கு ம் கொட்டிச் சமாளிக்க முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தாள், அவளை யார் கேட்பது.

உன் அண்ணனுடைய ராப் ஆல்பத்துக்கு இருபது வருஷம் ஆகிறதாம். போட்ட கம்பெனிக்காரர்களே மறுபடியும் வெளியிடுகிறார்கள், நம் மூன்று பேரின் கையெழுத்தும் வேண்டுமாம், உனக்கும் காகிதம் வந்திருக்கும். ஆல்பத்துக்கும் அவன் இல்லாமல் போனதற்கும் ஒரே வயது. நாலு நாளில் ஊர் மறந்துவிடும் என்றுதான் அப்போது நினைத்தேன். போன மாதம் பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர், அதில் ஒருவன் என் செவிட்டுக் காதுக்கே எட்டுகிற சத்தத்தில் "வாயை மூடு, இல்லன்னா வெளியே போ" என்று இழுத்துச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். முதல் பாட்டுக்கு முன்னால் பதினோரு விநாடி வருகிறதே, என்னுடைய அதட்டல், அதேதான். நான் நடித்துக் கொடுத்தது என்று ஊரில் நினைப்பு, நானும் இல்லை என்று சொன்னதில்லை. நீங்கள் பிறப்பதற்கு முன் வந்த பாட்டை இன்னும் ஏனம்மா கேட்கிறீர்கள் என்று பக்கத்தில் நின்ற பெண்ணைக் கேட்டேன். காதருகே குனிந்து, "எங்க அப்பாவும் இதையேதான் சொல்றாரு தாத்தா, என்னால சொல்ல முடியாத பதிலை இவர் ஒன்பது பாட்டுல சொல்லிட்டாரு" என்றாள். ஊருக்கெல்லாம் பதில் சொன்னவன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

நீ ஹாஸ்டலில் இருந்தாய், அன்று நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. மில்லில் முப்பத்திரண்டு வருஷம் தறிகளுக்கு நடுவே மேஸ்திரியாக நின்றவன் நான். அங்கே எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், பதிலைக் காதில் வாங்க முடியாது, எதிரில் நிற்பவன் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். வீட்டிலும் அதே பழக்கம். அன்று உன் அண்ணன் ரெக்கார்டரை ஓடவிட்டுத் தான் எழுதியதைச் சொல்லிக்கொண்டிருந்தான், ஓடுவது எனக்குத் தெரியாது. வேலை முடிந்து வந்த எரிச்சலில் அதட்டினேன். முதுகைக் காட்டிக் குனிந்து ஷூவை மாட்டினான், ரெக்கார்டரைப் பைக்குள் போட்டான், போய்விட்டான். ஒரு பேச்சு பேசாமல் போனானே என்பதுதான் என் ஆத்திரம். வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று எட்டு மாதம் வீம்பாக இருந்தேன். கடைசியில் வாடகை அறையில் காய்ச்சலோடு ஐந்து நாள் கிடந்திருக்கிறான், வீட்டுக்குப் போகலாம் என்று கூட்டாளி கூப்பிட்டதற்கு, அப்பா சேர்க்கமாட்டார் என்றானாம். நிமோனியா என்று சர்டிபிகேட்டில் எழுதியிருக்கிறது. நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

போன புதன்கிழமை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார்கள். பழைய ஒலிநாடாவை இப்போதுள்ள மிஷினில் சுத்தம் செய்தபோது, என் அதட்டலுக்கு அடியில் சன்னமாக இன்னொரு குரல் இருப்பது தெரிந்ததாம், அதை வைப்பதா அழிப்பதா என்று கேட்டார்கள். அம்மா ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். "சரிப்பா, நீங்க முதல்ல உக்காருங்க, மூச்சு வாங்குது" என்று சொல்கிறானாம். நான் காது மிஷினோடும் கேட்டேன், கழற்றிவிட்டும் கேட்டேன், மூன்று தடவை போட்டார்கள், எனக்கு வெறும் இரைச்சல்தான். ஒலிப்பதிவுக்காரப் பையன் திரையில் ஏதோ கோட்டைக் காட்டி இதுதான் சார் என்றான். கோட்டைப் பார்த்து நான் என்னத்தைக் கண்டேன்.

அம்மாவை நம்பலாமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைத்தான் கேட்டான் என்று அவள் அன்று சொன்னாள், கொண்டுவந்து சேர்த்தபோதே அவனுக்கு நினைவில்லை என்று பிறகு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஸ்டுடியோ பையனும் இந்தக் கிழவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டியிருக்கலாம். நீதான் சின்ன வயதிலிருந்தே என் முகத்துக்கு நேராக உள்ளதைச் சொல்கிறவள். உனக்கும் அந்த ஒலியை அனுப்பியிருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து கேள், அம்மாவிடம் விசாரிக்காதே. அம்மா சொன்ன வார்த்தை அதில் இல்லையென்றால் இல்லை என்று எழுது, அந்தப் பாரம் எனக்குப் பழகிவிட்டது. இருக்கிறதென்றால்தான் மகளே எனக்குப் பயமாக இருக்கிறது, பதில் சொல்லிவிட்டுப் போன பிள்ளையை இருபது வருஷமாகத் திமிர் பிடித்தவன் என்று திட்டியிருக்கிறேன். ஆனாலும் இருந்தால் இருக்கிறது என்றே எழுது.

குழந்தைக்குச் சளி விட்டதா, குளிரில் வெளியே கூட்டிக்கொண்டு போகாதே. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பதிலை வீட்டுக்குப் போடாதே, கீழ்வீட்டுத் தையல்காரர் விலாசத்துக்குப் போடு, அவர் என் கையில் தருவார்.

இப்படிக்கு,
உன் அப்பா