கோடு ஏறினால் தண்ணீர் விடுங்கள்

செவ்வாய் இரவு

மத்தியானம் கொல்லைக்குப் போனா வெங்காயத்தாள் வாடிக் கெடக்கு. எங்க வூட்டுக்காரர் மோட்டாரை நிறுத்திட்டு ஜாலியா உக்காந்திருக்கார். "கோடு ஏறிக்கிட்டே போவுது, ஈரம் நெறைய இருக்கு"ன்னு போனைக் காட்டினார்.

எங்க ஆபீஸோட பாசன ஆப் அது. கோடு ஏறினா மண் காயுதுன்னு அர்த்தம். ஆப்போட உதவிப் பக்கத்துல அந்தக் கோட்டுப் படத்துக்குக் கீழ 'மண் நிலை'ன்னு மட்டும் எழுதி வச்சது நான்தான்.

"ஏறினா காயுதா? எந்த ஊரு நியாயம்டி இது?"

சிரிப்பை அடக்க முடியல. நல்லவேளை, கரண்ட் இருந்துச்சு. அவரு மோட்டார் போட, நான் வரப்புலயே உக்காந்து மாத்தினேன்: 'கோடு ஏறினால் மண் காய்கிறது. தண்ணீர் விடுங்கள்.' சாயங்காலம் தாள் நிமிந்துடுச்சு.

யார் புகார் சொன்னதுன்னு மேனேஜர் கேட்டார். "அரும்பாவூர் வாடிக்கையாளர் ஒருத்தர் சார்"னு மட்டும் சொன்னேன்.

வாடிக்கையாளர் இப்ப லைட்டை அணைக்கச் சொல்லிக் கத்துறார்.