ஈரச்சுவர்ப் பாட்டைக் குறித்த விண்ணப்பம்

முத்தரண் நாடு முழுதுடையவரும், மலையும் கடலும் எல்லையாகச் செங்கோல் செலுத்துபவருமாகிய பேரரசி ஆதிரை மாதேவியாரின் திருவடிகளுக்கு, சங்கலைத் துறையின் காவல் அதிகாரி ஏனாதி காரிவேள் நிலம் தோய வணங்கி எழுதும் ஓலை. தலைநகரின் மதில்கள் உறுதியாய் நிற்க, ஏரிகள் நிறைக, மாதேவியார் நெடுங்காலம் நலமுடன் வாழ்க. இவ்வோலை அவையில் உரக்கப் படிக்கத் தக்கதன்று. தாங்கள் தனித்திருந்து படித்தருள வேண்டுகிறேன்.

சங்கலையில் அரசை இகழ்ந்து பாட்டுக் கட்டிய பெண்ணின் நாவை அறுக்கவும், அதைப் பாடுவோர் எவராயினும் சிறையிடவும் தாங்கள் அருளிய ஆணை வந்து சேர்ந்தது. பெண்ணைப் பிடித்தேன். பாடிய சிலரையும் பிடித்தேன். நாவை அறுக்கவில்லை. முப்பது ஆண்டுப் பணியில் நான் நிறைவேற்றாது விட்ட முதல் ஆணை இதுவே.

அவள் பெயர் கொற்றி. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து இடித்த பெண்களுள் ஒருத்தி. அவள் கணவன் செங்கன் அதே சுவரில் கல் ஏற்றியவன். மாரியின் தொடக்கத்தில் அச்சுவர் புயலால் சரிந்தது என்றும், உயிர்ச்சேதம் இல்லை என்றும் நான் தங்களுக்கு எழுதியிருந்தேன். பாட்டு வேறு சொல்கிறது.

முதலில் அது இடிகளத்தில் மட்டும் கேட்டது. பத்து நாளில் ஓடக்காரர் துடுப்புப் போட அதைப் பாடினர். அங்காடியில் மீன் விற்போர் பாடினர். செல்வர் ஒருவரின் இல்லத் திருமணத்தில் மேளக்காரர் சொல்லை விட்டு மெட்டை மட்டும் வாசித்தனர்; பந்தியில் இருந்தோர் அத்தனை பேரும் உண்பதை நிறுத்தினர். சொல்லில்லாத மெட்டுக்கு யாரைச் சிறையிடுவேன்? என் மனைவி பூத்தொடுக்கையில் தன்னை அறியாமல் அதை முணுமுணுத்த நாள் முதல் என் வீட்டிலேயே நான் அஞ்சி நடக்கிறேன்.

நேற்று முன்தினம் முற்பகலில் அவளை நீதி மண்டபத்தில் நிறுத்தினேன். குற்றம் எழுத்தில் ஏற வேண்டுமாதலால் பாட்டைப் பாடிக் காட்டுமாறு பணித்தேன். அவள் கூறிய சொல்லை அவள் வாய்மொழியாகவே தருகிறேன்: “நான் பாட்டுக் கட்டலைங்க. செத்தவங்க பேரைச் சொன்னேன். மறந்துடக் கூடாதுன்னு இடிக்கிற தாளத்துல போட்டேன், அவ்வளவுதான்.” பின்பு பாடினாள்.

“ஈரம் காயலையே, இடி இடி
எட்டாள் உசரமாச்சே, இடி இடி
சாந்து பிடிக்கலையே, இடி இடி
ஏத்தச் சொன்னது யாரு?”

அதன்பின் பெயர்கள். தன் கணவன் பெயரையும் மற்றவர் பெயர்போலவே, குரல் மாறாமல் சொன்னாள். பதினேழு பெயர்கள் முடிந்ததும், அவளைப் பிடித்து வந்து காவல் நின்ற படைத்தலைவன் எயினன் வேலைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னே வந்தான்.

“ஐயா, பொறுக்கணும். பதினேழு இல்லை. எங்க அண்ணன் ஆதன் பேரு விட்டுப்போச்சு. அவனைக் கடல் கொண்டுபோயிடுச்சு, உடம்பு கிடைக்கலை.”

குற்றவாளி தன்னைப் பிடித்து வந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். “தெரியாமப் போச்சுண்ணே. கல்லு சுமந்தவரா, கயிறு புடிச்சவரா?”

“கயிறு” என்றான்.

கயிறு பிடித்த ஆதன் என்று சேர்த்து அவள் மறுபடி முதலிலிருந்து பாடினாள். எழுத்தன் எழுதுவதை நிறுத்தியிருந்தான். காவலருள் மூவர் வெளிப்படையாக அழுதனர். நாவறுக்க வந்தவன் கத்தியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான்; நான் அவனைக் கடிந்துகொள்ளத் துணியவில்லை.

அப்போது தரை அதிர்ந்தது. மண்டபத்துக்கு வெளியே, இடிகட்டைகளோடு வந்த பெண்கள் தெரு கொள்ளாமல் நின்று, வெறும் நிலத்தை இடித்துக்கொண்டிருந்தனர். கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை, வசை இல்லை. ஒரே தாளம். என் இருக்கையின் கால்கள் நடுங்கின. போர்க்களத்தில் இருமுறை காயம்பட்டவன் நான். அந்த ஒலியைப்போல் எதுவும் என்னை அச்சுறுத்தியதில்லை. கொற்றியை விடுவித்தேன். அருளால் விடுவித்தேன் என்று எழுத ஆசை. அச்சத்தால் விடுவித்தேன் என்பதே உண்மை.

மாதேவியாரே, அப்பாட்டு அரசை இகழவில்லை. ஒரு கேள்வி கேட்டு, விடை சொல்லாமல் இடிக்கிறது. விடை தெரியாத மக்கள் அவ்விடத்தில் மாதேவியாரையே நினைக்கின்றனர். விடை நான். தாங்கள் துறைக்கு எழுந்தருளும் நாளுக்குள் சுவர் உயர்ந்து நிற்க வேண்டுமென்று விரைந்தேன். சாந்து காயவில்லை என்று தலைமைக் கொத்தர் இருமுறை வந்து மன்றாடினார். ஏற்றுக என்றேன். அன்று புயல் இல்லை, சாதாரண மழைதான். இறந்தோரை ஆளற்ற இரவலர்போலப் புதைக்கச் செய்து, பொய் ஓலையும் எழுதினேன்.

ஆதலின், என் அதிகாரத்துக்கு உட்பட்டு இவற்றை ஆணையிட்டுள்ளேன். சுவர் வேலை நிற்கும். பாட்டின் பொருட்டுப் பிடிபட்ட அனைவரும் விடுபடுவர். நாளை முற்பகல் சரிந்த சுவரின் முன் நின்று பதினெட்டுப் பெயரையும் நானே படித்து, ஏற்றச் சொன்னவன் நானே என்று அறிவிப்பேன். மக்கள் என்னை என்ன செய்யினும் படை கை ஓங்கலாகாது. எயினனிடம் இதை எழுத்தில் தந்துள்ளேன். நான் எஞ்சினால், தாங்கள் அளிக்கும் தண்டனையை ஏற்கத் தலைநகர் வருவேன். கொற்றியின் மேல் மட்டும் சினம் செல்லாதிருக்க வேண்டும். துறைக்குத் தாங்கள் எழுந்தருளுவது இறந்தோர் குடும்பங்களைக் கண்டு பேசுவதற்காகவே ஆகட்டும்.

மாதேவியார் ஆட்சியின் பதினோராம் ஆண்டு, கார்த்திகைத் திங்கள் ஒன்பதாம் நாள், சங்கலைக் காவல் மனையில் என் கைப்பட எழுதி, அரக்கிட்டு, துறையின் இலச்சினை பொறித்தேன். இலச்சினை ஒருபுறம் சாய்ந்தும் இரட்டித்தும் பதிந்திருக்கும். பொறித்த கை என்னுடையதே. போலி ஓலை என்று ஐயுற வேண்டாம்.