உங்களுக்குப் பதிலாகக் கேட்டவள்

டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி தேடி உங்கள் தகரப் பெட்டியை இன்று காலையில் திறந்தேன். ஓடாத கைக்கடிகாரம் இரண்டு, பழைய கரண்ட் கார்டுகள், மருந்துச் சீட்டுகள். அடியில், நீலக்கட்டம் போட்ட உங்கள் கைக்குட்டையில் சுற்றி அந்த ரெக்கார்டர் இருந்தது. முதுகுப்பக்க மூடியைத் தள்ளினால் உள்ளே பேட்டரிகள் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தன. புளித்த இரும்பு வாடை மூக்கில் ஏறியது. பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்தேன். தெருமுனைக் கடையில் ரிமோட்டுக்கென்று வாங்கி வந்த புது பேட்டரிகளை இதில் போட்டேன். திரையில் வெளிச்சம் வந்துவிட்டது. ரிமோட் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும், டி.வி.யில் அப்படி என்ன வாழ்கிறது.

இதை வாங்கலாம் என்று சொன்னவள் நான்தான். மகள் இன்றுவரை அது உங்கள் யோசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்களும் அவளைத் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

உங்கள் காது எப்போது போனது என்று கேட்டால் உங்களுக்கே சொல்லத் தெரியாது. வெடி ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து சாயங்காலம் பொட்டலில் நின்று பட்டாசு சாம்பிள் வெடித்துப் பார்க்கிற வேலை உங்களுடையது. எந்தச் சரம் ஒரே சீராக வெடிக்கிறது, எது நடுவில் திக்குகிறது என்று கேட்டே சொல்லிவிடுவீர்கள் என்பார்கள். அந்தக் காதுதான் முதலில் இடப்பக்கம் மந்தமாகி, பிறகு வலப்பக்கமும் தளர்ந்தது. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டால், "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்பீர்கள். நானும் மகளும் சிரித்திருக்கிறோம். சிரித்ததற்கு இப்போது வருத்தப்படுகிறேன், ஆனால் அன்றைக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

டாக்டர் காதுமிஷின் வைக்கச் சொன்னார். திரும்பி வந்து வீட்டுப்படி ஏறும்போதுதான் சொன்னீர்கள்: "காதுல மிஷினை மாட்டிக்கிட்டு ஃபோர்மேன் வேலை பாக்க முடியுமா? மறுநாளே வாட்ச்மேனா கேட்டுல உக்கார வச்சிருவாக." மகள் அப்போது விருதுநகரில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் உங்கள் பயம் அவள் படிப்பைப் பற்றி மட்டும் இல்லை. ஃபோர்மேன் என்று நாலு பேர் கூப்பிடுவது நின்றுபோகும் என்ற பயம். அது எனக்குப் புரிந்தது.

உங்களுக்குச் சிக்கலான நேரம் ஒன்றே ஒன்று. வேலை முடிந்து ஆட்களையெல்லாம் வேனில் அனுப்பிய பிறகு, மேனேஜர் ஃபோர்மேன்கள் நாலு பேரையும் முன்பக்க ஆபீசில் உட்காரவைத்து மறுநாள் எந்த அறையில் என்ன வேலை என்று சொல்வார். அந்த மனிதர் காகிதத்தைப் பார்த்துக் குனிந்தபடியே முணுமுணுப்பார். வாயசைவு பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. மற்ற நேரம் பேசுகிறவர் முகத்தைப் பார்த்தே சமாளித்துவிடுவீர்கள். இந்த இருபது நிமிஷத்துக்குத்தான் வேறு ஒரு காது வேண்டியிருந்தது. போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள் என்பதால் அதில் பதியவும் முடியாது. நான்தான் ரெக்கார்டர் என்று ஒன்று இருக்கிறதே என்றேன். காலண்டர் பிரஸ்ஸில் புரூஃப் பார்ப்பவள் நான். ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்ப்பது எனக்குத் தினப்படி வேலை. நீங்கள் பதிந்து வாருங்கள், நான் கேட்டு எழுதித் தருகிறேன் என்றேன்.

மதுரைக்குப் போய் மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடைக்காரர் பேனா மாதிரி ஒன்றைக் காட்டினார். எழுதாத பேனாவைப் பையில் குத்திக்கொண்டு திரிந்தால் எவனாவது இரவல் கேட்பான் என்று அதை வேண்டாம் என்றேன். அடுத்தவர் தலையில் இரண்டு கொம்பு மாதிரி மைக் வைத்த பெரிய மிஷினைத் தூக்கி வைத்தார். கச்சேரி பதிகிறவர்களுக்கு நல்லதாம். நமக்கு எந்தக் கச்சேரி. மூன்றாவது கடையில்தான் இது கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கியது, கடையில் கிடைக்கிற சின்ன பேட்டரியே போதும், பட்டன்கள் கட்டைவிரலுக்குத் தனித்தனியாகத் தட்டுப்பட்டன. பதிய ஆரம்பித்ததும் 'பீப்' என்று சத்தம் கொடுக்கும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தச் சத்தத்தை அமர்த்திவிட்டு, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். எரிந்தது. உங்களுக்கு அதுதான் தேவை.

முதல் நாள் சட்டைப் பையில் வைத்துப் பதிந்து வந்தீர்கள். முறுக்குக் கடிக்கிற மாதிரி துணி உரசுகிற சத்தம்தான் இருபது நிமிஷமும். மறுநாள் ஃபேன் காற்று. பிறகு சாப்பாட்டுப் பைக்குள் தூக்குவாளிக்கு மேலே, துண்டில் பொதிந்து, மைக் பக்கம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, பையை மேஜை மேலேயே வைக்கச் சொன்னேன். பேச்சு வந்தால் தானாகப் பதியும், நின்றால் தானாக நிற்கும் என்று அதில் ஒரு வசதி இருந்தது. பேட்டரி மிச்சமாகுமே என்று நீங்கள் அதைப் போட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் அது விழுங்கிவிட்டது. மேனேஜர் முதலில் சொல்வது அறை எண்ணைத்தான். எண் இல்லாமல் வேலை மட்டும் என் காதில் விழுந்தது. அந்த வசதியை அன்றே எடுத்துவிட்டேன். பகல் முழுக்க அது ஆபீஸ் அலமாரியில் உங்கள் பையோடு இருக்கும், அறைகள் பக்கம் போனதில்லை. இருந்தாலும் வாசலில் காட்டாமல் உள்ளே கொண்டுபோனது தப்புதான். அதையும் நான்தான் பைக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் நீங்கள் சாப்பிடுவீர்கள். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, வேகத்தைக் குறைத்துப் போட்டு, புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதித் தருவேன். நான் பார்த்தே இராத மனிதர்களின் இருமலும் தும்மலும் எனக்கு அத்துபடியாயின. இரண்டாவது ஃபோர்மேனுக்குத் தன் மச்சினனோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதுகூடத் தெரியும். ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் இல்லாமல் நடக்காத ஒரு காரியம் உங்களுக்கு அது ஒன்றுதான். காதுமிஷினைப் பற்றி நான் மறுபடி பேச்சே எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தீபாவளி சீசனும் காலண்டர் சீசனும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வருகிற ஊர் இது. அந்த வருஷம் பிரஸ்ஸில் ஆர்டர் குவிந்து, ராசிபலன் பக்கமெல்லாம் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் கண் எரிய வீட்டுக்கு வந்தேன். நீங்கள் நேரத்தோடு வந்து, மிச்சமிருந்த சோற்றில் மோர் விட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தீர்கள். ரெக்கார்டரை எடுத்தேன். "இன்னிக்கு ஒண்ணும் புதுசா இல்லை, வழக்கமான சோலிதான். நீ போய்ப் படு" என்றீர்கள். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னீர்கள். நானும் படுத்துவிட்டேன்.

மறுநாள் நீங்கள் கிளம்பிப் போன பிறகுதான் ரெக்கார்டரைப் பையில் வைக்க மறந்தது தெரிந்தது. காப்பி ஆற்றிக்கொண்டே, சும்மா ஒரு பழக்கத்துக்குத்தான் அதைப் போட்டேன். மேனேஜர் குரல் வந்தது. சாயங்காலம் பெய்த மழையில் ஒன்பதாம் நம்பர் அறை ஒழுகியிருக்கிறது, கலந்து வைத்த வெடிமருந்து ஈரம் பட்டுச் சூடேறியிருந்தாலும் தெரியாது, நான் வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் அதைத் திறக்கக் கூடாது என்றார். பிறகு உங்கள் பெயரைச் சொல்லி, புரியுதா என்று கேட்டார். கொஞ்சம் இடைவெளி. அதன் பிறகு நீங்கள், "சரிங்க."

ஒன்பதாம் நம்பர் உங்கள் பொறுப்பு. போகும்போதே, இன்றைக்கு முதல் வேலை அங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள்.

உங்கள் போனுக்கு அடித்தேன். வாசல் பெட்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீஸ் நம்பர் என்னிடம் இல்லை, நானும் கேட்டு வைத்ததில்லை. கதவைப் பூட்டினேனா என்று நினைவில்லை. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நாலு கிலோமீட்டரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன், எங்கேயாவது புகை தெரிகிறதா என்று. இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அப்படிப் பார்க்கத் தெரியும்.

வாசலில் வாட்ச்மேன் மறித்தார். ஒன்பதாம் நம்பரைத் திறக்க விடாதீர்கள் என்றேன். பெண்டாட்டி வந்து சொன்னாள் என்று வேலையை நிறுத்துவார்களா, யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஏதாவது பொய் சொல்லியிருக்கலாமோ என்று பிறகு ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. வேனிலிருந்து இறங்கின பெண்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்க, உரக்கச் சொன்னேன்: "அவுகளுக்குக் காது கேக்காதுண்ணே. மேனேஜர் சொன்னது அவுக காதுல விழலை. ஒம்பதாம் நம்பரைத் திறக்கப் போறாக, ஓடிப் போய் நிப்பாட்டுங்க."

அவர் ஓடினார். பின்னாலிருந்து கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது என்பது அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்கும், சுற்றி ஓடி முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். உங்கள் கையில் சாவி இருந்தது. நாலு பெண்கள் தள்ளி நின்றிருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. மத்தியானம் மேனேஜர் ஆட்களோடு வந்து பார்த்துப் பக்குவமாக அந்த மருந்தை அப்புறப்படுத்தினாராம். நீங்கள் அங்கிருந்தே வாசலில் நின்ற என்னைப் பார்த்தீர்கள். என்ன சொல்லி உங்களை நிறுத்தியிருப்பேன் என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அன்றோடு ஃபோர்மேன் வேலை போனது. கேட்டில் உட்காரச் சொன்னார்கள், நீங்கள் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் சமாதானம் செய்யவில்லை. எட்டாம் நாள், காய் நறுக்கிக்கொண்டிருந்த என் எதிரில் வந்து உட்கார்ந்தீர்கள். "அந்த நாலு பிள்ளைகள்ல ஒண்ணுக்குப் போன மாசந்தான் கல்யாணம் ஆச்சு" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் ஒளிக்க ஒன்றும் இல்லாததால் காதுமிஷின் வாங்கிக்கொண்டீர்கள். மாட்டின முதல் நாள், "உன் குரல் எப்பமும் இம்புட்டுக் கரகரப்பாவா இருந்துச்சு?" என்று கேட்டு என் வாயைக் கிளறினீர்கள். ரெக்கார்டரை நீங்களே கைக்குட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்தீர்கள். ஆறு வருஷம் நாம் இருவரும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கிற மாதிரி வாழ்ந்தோம். அதற்கு முன்பிருந்த வருஷங்களை நான் வீணாக்கிவிட்டேன்.

இன்று அந்த ரெக்கார்டரில் இருக்கிற அத்தனையும் போட்டுக் கேட்டேன். உச்சிவெயில் ஏறி இறங்கி, சாயங்கால வேன்கள் திரும்புகிற வரைக்கும் கேட்டேன். மேனேஜர் பேசுகிறார், மச்சினனோடு பேசாதவர் பேசுகிறார், ஃபேன் சுற்றுகிறது. உங்கள் குரல் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. "சரிங்க." சில நாள், "ஆகட்டும்ங்க." கேட்காத ஒன்றுக்குச் சொன்ன பதில்கள். உங்கள் குரல் என்று என்னிடம் மிச்சமிருப்பது இவ்வளவுதான். நமக்குள் பேசினதை ஒரு தடவையாவது பதிந்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இதை மகளிடம்கூட நான் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம், உங்கள் காதுமிஷினைக் கழற்றி நர்ஸ் என் கையில் கொடுத்திருந்தார். மூக்கிலும் வாயிலும் மாஸ்க். நீங்கள் கையை அசைத்து என்னைக் கூப்பிட்டீர்கள். குனிந்தேன். ஏதோ சொன்னீர்கள், ஒரு முழு வாக்கியம், நிறுத்தி நிறுத்தி. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த சொந்தக்காரர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. சொல்லி முடித்து, என் முகத்தையே பார்த்தீர்கள். மறுபடி சொல்லுங்கள் என்று நான் கேட்டால் உங்களுக்குக் கேட்காது. கத்திக் கேட்டாலும், இன்னொரு தடவை சொல்ல உங்களுக்கு மூச்சு இல்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். "சரிங்க" என்றேன்.

உங்கள் முகம் தெளிந்துவிட்டது. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

நீங்கள் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்த நாளெல்லாம், அது என்னவென்று கேட்டு எழுதித் தர வீட்டில் நான் இருந்தேன். எனக்கு அப்படி யாரும் இல்லை. எதையோ செய்கிறேன் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேனா, செய்யாமல் விட்டுவிட்டேனா என்று தெரியாமலே ஒவ்வொரு நாளும் விளக்கேற்றி, ஒருத்திக்குச் சமைத்து, கதவைச் சாத்துகிறேன்.