மரண அறிவித்தலின் நேரம்

12.06.2009, வெள்ளி

எங்கள் லண்டன் தமிழ்த் தொலைக்காட்சியில் மரண அறிவித்தல் இனி இரவு ஏழு மணிச் செய்தியோடு போகாது. விடிய ஐந்து மணிக்குத்தான் போகும். அந்தத் தீர்மானத்தில் தலைவராகக் கையெழுத்து வைத்தவன் நான்.

ஈஸ்ட் ஹாம் நகைக்கடைக்காரர் ஒளிபரப்புக்கான ஒரு வருடச் செய்மதி வாடகையைத் தருகிறேன் என்றார். "தாலிக்கொடி விளம்பரத்துக்குப் பக்கத்தில செத்தவீட்டைப் போட்டால் ஆர் அண்ணை கடைக்கு வருவினம்?" என்று கேட்டார். நிர்வாகத்தில் என்னைத் தவிர எல்லாரும் கை உயர்த்தினார்கள். நான் விலகுகிறேன் என்றேன். செயலாளர் நிர்வாக விதிகள் அடங்கிய யாப்பை விரித்து வைத்தார்.

"பெரும்பான்மை முடிவுக்குத் தலைவர் கையெழுத்து வைக்கவேணும். பொதுக்கூட்டம் வரைக்கும் விலகவும் ஏலாது. நீங்கள் எழுதினதுதானே அண்ணை."

ஓம், நான்தான் எழுதினேன். மற்றவர்கள் பாதியில் விட்டுவிட்டு ஓடக்கூடாது என்று நூலகப் புத்தகங்களைப் பார்த்து எழுதினேன்.

வன்னிப் போரில் தம்பியைப் பறிகொடுத்த எட்மண்டன் பிள்ளைக்கு, அறிவித்தல் ஏழு மணிக்கு என்று நேற்றுச் சொல்லியிருந்தேன். இன்று திரும்பத் தொலைபேசி எடுத்து ஐந்து மணி என்றேன்.

"பரவாயில்லை ஐயா. அந்த நேரம் அம்மா முழிப்பாத்தான் இருப்பா. இப்ப ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்."

அவள் ஏசினால் சொல்வதற்குப் பதில் வைத்திருந்தேன். தம்பியின் பெயரை இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.